மூணு வருஷமா போடுற ரெயின் ஜாக்கெட், மழையில 300 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்கு அப்புறம்

ஜிப்போட ரன்னரை, அதாவது பல்லைச் சேர்த்துக்கிட்டு மேலயும் கீழயும் ஓடுற பாகத்தை, மாத்தி நேத்து தான் ஜாக்கெட் கைக்கு வந்துச்சு. அடுத்து 600 கிலோமீட்டர் ப்ரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) போகப்போற ஃபிரெண்ட் ஒருத்தன் வேற "நீ போடுறதையே நானும் வாங்கிடவா"ன்னு கேட்டிருக்கான். போன்ல பதில் சொல்ல ஆரம்பிச்சப்ப கோவம் தான் முதல்ல வந்துச்சு, அது நியாயமில்லைன்னு பட்டதால உக்காந்து முழுசா எழுதுறேன்.

ஸ்பெக் எல்லாருக்கும் தெரிஞ்சது தான். 10,000 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் (அவ்வளவு உயரத் தண்ணியோட அழுத்தத்தைத் துணி தாங்கும்னு அர்த்தம்), தையலுக்கெல்லாம் உள்பக்கம் டேப், பின்னாடி சீட் வரைக்கும் இறங்குற நீள வால், சுருட்டினா ஜெர்சி பாக்கெட்ல அடங்கிடும். மூணு வருஷத்துல துணி எங்கயும் கிழியல, பை ஸ்ட்ராப் உரசுற தோள்ல கூட டேப் உரியல. துணியைப் பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை ஜிப் தான், அது ஒண்ணு தான், ஆனா அது சின்னக் குறை இல்ல. நடக்குறவங்க ஜாக்கெட்டை ஒரு தடவை மூடினா மூடினது தான். சைக்கிள்ல அப்படி இல்லையே, ஏத்தத்துல வேர்த்துக் கொட்டும் திறக்கணும், இறக்கத்துல காத்து நெஞ்சுல அறையும் மூடணும், திரும்ப ஏத்தம் திரும்பத் திறக்கணும், நாள் பூரா இதே வேலை. கியர் லீவருக்கு அடுத்து அதிகமா கை போற இடம் ஜிப் தான். அந்த இடத்துல அரிசி மணி சைஸுக்கு ஒரு இழுப்பான் வச்சிருக்காங்க, நனைஞ்ச கிளவுஸோட அதைப் பிடிக்கவே முடியாது. தண்ணி புகாத கோட்டிங் போட்ட ஜிப்ங்கறதால சாதா ஜிப்பை விட இறுக்கம் வேற. இழுத்து இழுத்து ரன்னரோட வாய் அகண்டு போச்சு, மேல ஏறும், ஆனா அதுக்குக் கீழ பல்லு சேராம பொளந்துக்கும்.

இது சாதாரண நாள்ல எரிச்சல், அவ்வளவு தான். போன மாசம் 300 கிலோமீட்டர் ப்ரெவேல தான் இதோட விலை தெரிஞ்சுது. காலைல 6 மணிக்கு ஸ்டார்ட், 20 மணி நேரம் டைம். 120 கிலோமீட்டர் வரைக்கும் வெறும் மேகம், அப்புறம் பிடிச்ச மழை நிக்கவே இல்ல, கூடவே நேருக்கு நேர் எதிர்காத்து, சமதளத்துல கூட வேகம் மணிக்கு 16, 17 கிலோமீட்டருக்கு மேல போகல. 180 பக்கத்துல ஒரு பெரிய ஏத்தம், வழக்கம் போல ஜிப்பைத் திறந்துட்டு ஏறினேன். உச்சில மூடலாம்னு பாத்தா விரல்ல உணர்ச்சியே இல்ல, உள்ளங்கையால தள்ளி எப்படியோ மேல ஏத்துனேன், கழுத்து வரைக்கும் போச்சு, பாத்தா நெஞ்சுக்குக் கீழ மொத்தமும் பொளந்து கிடக்கு. அப்படியே இறங்குனேன். ஜாக்கெட் ரெண்டு பக்கமும் படபடன்னு அடிக்குது, உள்ள உடம்போட ஒட்டிப் போட்டிருந்த பேஸ் லேயர் ரெண்டே நிமிஷத்துல நனைஞ்சுது, பல்லு கிட்டிக்க ஆரம்பிச்சுது, என் நடுக்கம் ஹேண்டில்பாருக்கு ஏறி முன் வீலே ஆடுற மாதிரி ஆயிடுச்சு. பிரேக் லீவரை விரலால மடக்க முடியல, மணிக்கட்டால இழுத்துத் தான் வேகத்தைக் குறைச்சேன். அந்த இறக்கத்தை நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. விட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சது அங்க ஒரு தடவை தான்.

ரோட்டோரமா ஒரு ஷெட் இருந்துச்சு. அக்குள்ல கையை வச்சு அஞ்சு நிமிஷம் நின்னேன், விரல் கொஞ்சம் மடங்குச்சு. ரன்னரை அடி வரைக்கும் இறக்கி, டூல் பைல இருந்த சின்ன பிளேயரால அதோட ரெண்டு ஓரத்தையும் லேசா அமுக்கினேன், ரொம்ப அமுக்கினா உடைஞ்சிடும்னு பயம் வேற. மெதுவா மேல ஏத்தினா பல்லு ஒண்ணொண்ணா சேர்ந்துச்சு. கழுத்து வரைக்கும் மூடினதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல.

அதுக்கப்புறம் நடந்ததுக்காகத் தான் இந்த ஜாக்கெட்டை முழுசா திட்ட முடியல. உள்ள எல்லாம் ஈரம் தான், ஆனா பத்து நிமிஷத்துல உடம்பு சூடாச்சு. நிறைய பேர் ஜாக்கெட் ஒழுகுதுன்னு சொல்றது பெரும்பாலும் ஒழுகலே இல்ல. வெளித்துணில தண்ணி உருண்டு ஓடுற கோட்டிங் அழுக்குலயும் வேர்வையிலயும் போயிடும், துணி தண்ணியைக் குடிச்சிடும், உள்ள இருக்கற வேர்வை ஆவி வெளிய போக வழியில்லாம அங்கயே நின்னு நம்மள நனைக்கும். மணிக்கணக்கா மிதிக்கறப்ப காஞ்ச உடம்போட வீடு சேரணும்னு நினைக்கவே கூடாது, காத்து உள்ள வராம இருந்தா போதும், காலு சூட்டை உண்டாக்கிக்கும். அதை இந்த ஜாக்கெட் கடைசி வரைக்கும் செஞ்சுது.

வழியில குறிச்ச நேரத்துக்குள்ள வந்துட்டோம்னு ப்ரெவே கார்டுல சீல் வாங்குற இடம் தான் கண்ட்ரோல், 210 கிலோமீட்டர்ல இருந்த கண்ட்ரோல் மூட 11 நிமிஷம் இருக்கறப்ப சீல் வாங்கினேன். உக்காந்தா குளிர் ஏறிடும்னு நின்னபடியே சாப்பிட்டுக் கிளம்பிட்டேன், ஜிப்புல கையே வைக்கல, ஏத்தத்துல வெந்தாலும் பரவால்லன்னு விட்டுட்டேன். கடைசி 90ல பின்னாடி டயர் தெறிக்கற தண்ணியை அந்த நீள வால் தான் தடுத்துச்சு. மட்கார்டும் இருந்துச்சு, ஆனாலும் இடுப்பு நனையாம இருந்ததுக்கு நான் வாலுக்குத் தான் நன்றி சொல்வேன். 19 மணி 41 நிமிஷத்துல முடிச்சேன். கார்டு கொடுக்கறப்ப கை நடுங்கல.

இவ்வளவும் சொல்லிட்டு, வாங்காதேன்னு தான் அவன்கிட்ட சொல்லப் போறேன். துணி செய்யத் தெரிஞ்சவங்களுக்கு நனைஞ்ச கையோட ஒரு தடவை ஜிப் போட்டுப் பாக்கத் தோணலையேங்கற கோவம் எனக்கு இன்னும் ஆறல. என்னோடதை நான் தூக்கிப் போட மாட்டேன், அடுத்த 400க்கும் அது தான், புது ரன்னர் வழுக்கிட்டு ஓடுது.

அவன் எந்த ஜாக்கெட் வாங்கினாலும், வாங்கின அன்னிக்கே இழுப்பான்ல ரெண்டு விரல் நுழையற அளவுக்கு ஒரு கயிறு வளையம் கட்டட்டும். கிளவுஸைத் தண்ணில முக்கிப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடி, ஒரே கையால பத்து தடவை திறந்து மூடிப் பாக்கட்டும். ஒரு தடவை சிக்கினாலும் திருப்பிக் கொடுத்துடட்டும்.