மோலாரிட்டி, மோலாலிட்டி, நார்மாலிட்டி: ஒரே பாட்டில், வேறு வேறு விடை

அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். 37%, அடர்த்தி 1.19 என்றிருக்கும். செறிவு எவ்வளவு என்று பிளஸ் ஒன் வகுப்பில் கேட்டால் ஒரு பையன் 12 என்பான், பக்கத்தில் இருப்பவள் 16 என்பாள். ரெண்டும் சரிதான். அவன் போட்டது மோலாரிட்டி, அவள் போட்டது மோலாலிட்டி. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், விடையில் நாலு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் அமிலம் 1190 கிராம். அதில் 37 சதவீதம், அதாவது 440 கிராம், ஹைட்ரஜன் குளோரைடு. ஒரு மோலின் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு அது) எடையான 36.46 கிராமால் வகுத்தால் 12.1 மோல். ஒரு லிட்டர் கரைசலில் 12.1 மோல் என்பதால் மோலாரிட்டி 12.1. மோலாலிட்டிக்குக் கரைசல் கணக்கில் வராது, கரைப்பான் மட்டும்தான். மிச்சமுள்ள தண்ணீர் 750 கிராம். 12.1 ஐ 0.75 ஆல் வகுக்க, 16.1. மேலே இருக்கும் மோல் அப்படியே இருக்கிறது, கீழே வகுக்கும் எண்தான் மாறுகிறது.

ஆய்வக மேசைக்கு எது என்றால் தயங்காமல் மோலாரிட்டி என்பேன். பிப்பெட்டும் பியூரெட்டும் கன அளவைத்தான் காட்டுகின்றன. 0.1 மோலார் அமிலம் ஒரு லிட்டர் வேண்டுமா? 8.3 மி.லி. எடுத்து, பாதியளவு தண்ணீர் உள்ள ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்க்கில் விட்டு, கழுத்துக் கோடு வரை தண்ணீர் சேர்த்தால் தீர்ந்தது. கோடு வரை என்பதுதான் முக்கியம். நான் படித்த காலத்தில் ஒரு மோல், அதாவது 342 கிராம் சர்க்கரையை ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிவிட்டு 1 மோலார் என்று நோட்டில் எழுதினேன். அது 1 மோலால். கரைசல் 1.2 லிட்டருக்குமேல் பெருத்துவிடுவதால் மோலாரிட்டி 0.82தான்.

மோலாரிட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு: சூடு. 20 டிகிரியில் 1 மோலாராக இருக்கும் நீர்க்கரைசல் 40 டிகிரியில் விரிந்து ஏறக்குறைய 0.994 ஆகிவிடும். தரம் பார்க்கும்போது (டைட்ரேஷனில்) இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கொதிநிலை உயர்வு, உறைநிலைத் தாழ்வு கணக்குகளில் வெப்பநிலையே மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே மோலாலிட்டியை விட்டால் வழியில்லை. எடைக்குச் சூடு குளிர் எல்லாம் ஒன்றுதான்.

நீர்த்த கரைசல்களில் இந்தச் சண்டையே இல்லை. ஆஸ்பத்திரி சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. மோலாரிட்டி 0.154, மோலாலிட்டியும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டும் ஒன்று என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் படிவது இப்படிப்பட்ட கணக்குகளால்தான்.

நார்மாலிட்டி மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. வினையில் ஒரு மூலக்கூறு தரும் அல்லது ஏற்கும் ஹைட்ரஜன் அயனி அல்லது எலக்ட்ரான் எண்ணிக்கையால் மோலாரிட்டியைப் பெருக்கினால் வருவது அது. செய்முறைத் தேர்வில் V₁N₁ = V₂N₂ (V கன அளவு, N நார்மாலிட்டி) என்று ஒரே வரியில் விடை வரும், அந்த வசதியை மறுக்கவில்லை. ஆனால் கரைசலை மட்டும் வைத்து நார்மாலிட்டியைச் சொல்ல முடியாது, வினையும் தெரிய வேண்டும். லிட்டருக்கு 3.16 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் உள்ள பாட்டில் அமில ஊடகத்தில் 0.1 நார்மல், ஏனென்றால் ஐந்து எலக்ட்ரான் ஏற்கிறது. நடுநிலை ஊடகத்தில் மூன்றுதான், அதே பாட்டில் 0.06 நார்மல். மோலாரிட்டியோ எங்கும் 0.02தான். ஆக்சலேட்டோடு வினைபுரியும்போது 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சலேட் என்று சமன்பாட்டை எழுதிப் போடுவது ஒரு வரி கூடுதல் வேலை. அந்த ஒரு வரியில்தான் வேதியியலே இருக்கிறது.

கணக்கில் சதவீதமும் அடர்த்தியும் கொடுத்திருந்தால் சூத்திரத்தைத் தேட வேண்டாம், ஒரு லிட்டரை எடைபோட்டுத் தொடங்குங்கள். அடர் கந்தக அமிலத்தில் இதைச் செய்து பாருங்கள்: 98%, அடர்த்தி 1.84. மோலாரிட்டி 18.4, ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனி தருவதால் நார்மாலிட்டி 36.8. மோலாலிட்டி 500ஐ ஒட்டி வரும். பதற வேண்டாம், அந்த லிட்டரில் தண்ணீர் வெறும் 37 கிராம்தான்.