750 ரூபாய்க்கு ஓர் ஊதல்: பீக் ஃப்ளோ மீட்டரோடு எட்டு மாதம்

"ஏங்க, ஊதல் பேரனுக்கா, உங்களுக்கா?" டப்பாவைப் பிரித்ததும் வீட்டில் கேட்ட கேள்வி இது. பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் குழாய், மேலே 60 முதல் 800 வரை எண்கள், நடுவில் நகரும் ஒரு சிவப்பு முள். பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. முழு வேகத்தில் ஊதினால் மூச்சு அதிகபட்சம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் வெளியேறியது என்று முள் காட்டும். அவ்வளவுதான் வேலை. மருந்துக்கடையில் சொல்லி வைத்து வாங்கினேன், 750 ரூபாய்.

நான் ஸ்பின்னிங் மில்லில் 22 வருஷம் வேலை பார்த்தவன். அதில் 14 வருஷம் பஞ்சு மூட்டையைப் பிரித்து உதறும் ப்ளோ ரூமும், பஞ்சைச் சீவும் கார்டிங்கும். பேல் பிரித்தால் பனி இறங்கிய மாதிரி பஞ்சு பறக்கும், மூக்கில் கட்டிக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுபோன துண்டுதான். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், இரண்டு நாளில் சரியாகிவிடும். அது உடம்பு சோம்பல் என்று மேஸ்திரி சொல்வார், நாங்களும் நம்பினோம். வேலையை விட்ட பிறகும் விடியற்காலை வீசிங் நிற்கவில்லை. மூச்சு முட்டினால் குழாயை உடனே விரிக்கும் நீல இன்ஹேலரில் இரண்டு பஃப், முட்டாவிட்டால் ஒன்றுமில்லை. இப்படியே ஆறேழு வருஷம் ஓட்டினேன். போன பங்குனியில்தான் ஒரு டாக்டர், "ஐயா, முதலில் இதை வாங்கி இரண்டு வாரம் காலை மாலை ஊதி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஊதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முள்ளைக் கீழே தள்ளிவிட்டு, நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, உதட்டை இறுக்கி, பட்டென்று ஒரே வீச்சில் ஊத வேண்டும். பலூன் ஊதுகிற மாதிரி நீளமாக ஊதிப் பிரயோஜனமில்லை. மூன்று தடவை ஊதி, அதிகமான எண்ணை எழுத வேண்டும். சராசரி எடுக்கக் கூடாது. எனக்குக் கீழ்ப் பல்செட். அது ஆடி உதட்டோரம் காற்று கசிந்ததில் முதல் வாரம் 250 காட்டி என்னைப் பயமுறுத்தியது. பேரனோ 'தூ' என்று துப்புகிற மாதிரி ஊதி 550-ஐ எட்டிவிட்டு, "தாத்தா, நான்தான் ஃபர்ஸ்ட்" என்றான். கன்னத்தையும் நாக்கையும் வைத்து அப்படி ஊதினால் முள் பொய் சொல்லும் என்று டாக்டர் பிறகு சிரித்துக்கொண்டே விளக்கினார்.

இரண்டு வாரக் கணக்கைச் சொல்கிறேன். மாலையில் 390 வருகிறது, காலையில் 310. ஒரே ஆள், ஒரே நாள், 80 லிட்டர் வித்தியாசம். ஆஸ்துமாக்காரனின் மூச்சுக்குழாய் விடியற்காலையில்தான் அதிகம் சுருங்குமாம். ஒருநாள் டாக்டர் முன்னால் காலை எண்ணை ஊதிக் காட்டிவிட்டு, இன்ஹேலர் எடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதினேன், 380 வந்தது. இப்படி ஏறி இறங்குவதுதான் ஆஸ்துமாவின் கையெழுத்து என்றார். விறகடுப்புப் புகையில் நுரையீரல் கெட்ட என் அம்மாவை ஊதச் சொன்னேன். காலையும் மாலையும் ஏறக்குறைய ஒரே எண். அந்த வகை நாள்பட்ட அடைப்பு நோய்க்கு இந்த ஊதல் போதாது. முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது, மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் அளக்கிற ஸ்பைரோமெட்ரிதான் வேண்டும்.

எனக்கு மருந்து மாறியது. நீல இன்ஹேலரை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது, குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் கூடவே உள்ளே போக வேண்டும் என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டியே 2019-இல் மாற்றிக்கொண்டதாம். நான் அதற்குப் பிறகும் இத்தனை வருஷம் வெறும் பஃபிலேயே காலம் தள்ளியிருக்கிறேன். ஆறு வாரத்தில் காலை எண் 380-க்கு வந்தது, பிறகு ஒருநாள் 410. அதுதான் என் சொந்த உச்சம். அதில் ஏறக்குறைய எண்பது சதவீதமான 330-இல் பச்சை டேப், பாதியான 205-இல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் வந்தால் மஞ்சள். ஐப்பசி மழையில் சளி பிடித்தபோது எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, காபி குடித்துவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஊதினால் 290. டாக்டர் எழுதிக்கொடுத்த தாளில் மஞ்சளுக்கு என்ன செய்யச் சொல்லியிருந்தாரோ அதைச் செய்தேன். முந்தைய வருஷம் அதே மழையில் ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்து நெபுலைசர் வைக்கப் போனவன் நான். பல வருஷம் இளைப்போடு இருந்தால் இளைப்பே பழகிவிடுகிறது. முள்ளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இதன் கதையைத் தேடியபோதுதான் கொஞ்சம் ஆடிப்போனேன். இதைக் கண்டுபிடித்தவர் மார்ட்டின் ரைட். பிரிட்டனின் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்த அரசுப் பிரிவில் வேலை பார்த்தவர். 1959-இல் அவரும் மெக்கெரோ என்பவரும் சேர்ந்து இதை அறிவித்தார்கள். அப்போது கடிகாரம் மாதிரி வட்ட முகத்தோடு பெரிதாக இருந்தது, கைக்கு அடங்கும் குழாய் 1978-இல்தான் வந்தது. ரைட்டின் கூட்டாளியான அந்த மெக்கெரோ 1958-இல் எதைப் பற்றி எழுதியிருக்கிறார் தெரியுமா? பஞ்சாலைத் தொழிலாளர்களின் மூச்சு ஒரு ஷிப்டுக்குள் எப்படி இறங்குகிறது என்று. லீவு முடிந்த முதல் நாள் நெஞ்சு இறுகுவதற்கு பிஸினோசிஸ் என்று பெயரே இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயத்தை எங்கள் மேஸ்திரி சோம்பல் என்றார்.

சரி, குறைகள். முள் வழுக்குகிறது. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே பத்து இருபது நகர்ந்துவிடும், ஊதின உடனே பார்த்துவிட வேண்டும். எண்கள் பொடிப்பொடியாக இருப்பதால் காலையில் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது. விளக்கத் தாளில் தமிழ் இல்லை, எழுதி வைக்க அட்டையும் தரவில்லை. நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். விரல் பக்கவாட்டுத் துளையை மூடிக்கொள்ளும் வடிவத்தை யார் போட்டார்களோ! அப்புறம், ஒரே மீட்டரிலேயே ஊதுங்கள். டாக்டரிடம் இருக்கும் இன்னொரு கம்பெனி மீட்டரில் எனக்கு எப்போதும் 30 கூடுதலாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

எல்லாருக்கும் தேவையா என்றால், இல்லை. எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றுவதும், இருமல், ராத்திரி விழிப்பு மாதிரி அறிகுறிகளைப் பார்த்து மாற்றுவதும் பெரும்பாலும் ஒரே பலனைத்தான் தருகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. தன் இளைப்பு தனக்கு உடனே தெரிகிறவர் 750 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். என்னை மாதிரி மரத்துப்போன நெஞ்சுக்காரர்கள் வாங்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், முள் வழுக்காவிட்டால் இன்னொரு அரை.

என் மச்சினன் இன்னும் கார்டிங்கில்தான் இருக்கிறான். என்னுடையதைக் கடனாகக் கேட்டான். வாயில் வைக்கிற சாமான், தரமாட்டேன் என்று அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். லீவு முடிந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன் 440, முடிந்து வெளியே வந்ததும் 390. அடுத்த வாரமும் அதே மாதிரி. சனிக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறோம்.