எச்சில் குப்பியில் வந்த வம்சாவளி

சேலம் அஸ்தம்பட்டியிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கூரியரில் வந்த, மரபணுவைக் கொண்டு வம்சாவளி சொல்லும் சோதனைப் பெட்டியில் ஒரு சிறு குப்பியும், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட செய்முறைத் தாளும் இருந்தன. அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் கோடு வரை எச்சில் நிரப்ப வேண்டும். எண்பதைக் கடந்த என் அம்மாவுக்கு அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அறிக்கையில் உருப்படியானது தாய்வழிப் பகுதி. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் டி.என்.ஏ.வில் உள்ள ஏறத்தாழ 16,569 வேதி எழுத்துகள் தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருவதால், அரிதாக நேரும் எழுத்து மாற்றங்களைப் பின்தொடர்ந்தால் கிளைகள் ஒன்றுகூடி ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சேர்கின்றன என்று 1987-இல் ஆய்வாளர்கள் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகியோர் முன்வைத்ததைப் படத்துடன் விளக்கியிருக்கிறார்கள். அவள் அக்காலத்தின் ஒரே பெண் அல்லள் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருப்பது நேர்மை. அம்மாவின் கிளை ‘எம்’. தென்னிந்தியாவில் மிகப் பரவலானது. எங்களுக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஏற்காட்டு நண்பருக்கும் அதுவே வந்தது. “இதைத் தெரிந்துகொள்ளவா இவ்வளவு பணம்?” என்றார் அம்மா.

நண்பர், தமிழ் பேசும் மலைவாழ் மக்களான மலையாளிப் பழங்குடியினர். முன்னோர் காஞ்சியிலிருந்து சேர்வராயன் மலையேறிய கதை மெய்தானா என்று அறிய விரும்பினார். சமவெளியும் மலையும் பகிர்ந்துகொள்ளும் பழங்கிளை ஒன்று, சில நூற்றாண்டு இடப்பெயர்ச்சிக்குச் சான்றாகாது. சோதனை நிறுவனத்தின் விளம்பரமோ ‘உங்கள் ஊரைக் கண்டறியுங்கள்’ என்கிறது. அறிக்கையின் வண்ண வட்டப்படம் ‘தெற்காசியர்’ என்பதோடு நின்றுவிடுகிறது. மாதிரியை ஆய்வுக்குப் பகிரும் ஒப்புதல் கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது. அதை நீக்க மூன்று மின்னஞ்சல்கள் தேவைப்பட்டன.