சென்னையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை: வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவர்களுக்கு

பரிசோதனை வேகத்தில் சென்னையைக் குறைசொல்ல முடியாது. காலையில் டாக்டர், மாலையில் எம்.ஆர்.ஐ. என்று முடிந்துவிடுகிறது. குறை அதற்கு முன்னால் இருக்கிறது. உறவுக்குப் பின் ரத்தம் படுகிறது என்று சொன்ன இளம்பெண்ணை, கருப்பை வாயைப் பார்க்காமலே ஹார்மோன் மாத்திரை கொடுத்து அனுப்பிய கிளினிக் உண்டு. ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துக் கருப்பை வாயைப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். கட்டி கண்ணுக்குத் தெரிந்தால், பாப் ஸ்மியர் (கருப்பை வாயில் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது) நார்மல் என்றாலும் பயாப்ஸி, அதாவது சிறு சதைத் துண்டு, எடுத்தே ஆக வேண்டும்.

இப்படித் தாமதித்தால் மிகவும் ஆபத்தானது, இந்தப் புற்றுநோயில் ஸ்மால் செல் நியூரோஎண்டோகிரைன் என்ற வகை. இது மிக அரிது. பெரும்பாலும் எச்.பி.வி. (உறவு மூலம் தொற்றும் வைரஸ்) 16, 18 ரகங்களோடு வருவது. சீக்கிரம் ரத்தத்தில் பரவுவது. பாப் ஸ்மியரில் அடிக்கடி தப்பிவிடும். இதன் செல்கள் மென்மையானவை, இடுக்கியில் நசுங்கினால் நோயியல் மருத்துவரால் படிக்க முடியாது. அதனால் நல்ல அளவுள்ள துண்டுகளாக எடுத்து, உடனே 10% ஃபார்மலினில் போட வேண்டும். 'புவர்லி டிஃபரன்ஷியேட்டட்' (எந்த வகைச் செல் என்று அடையாளம் தெரியாத அளவு மாறிய புற்று) என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால் அதோடு விடாதீர்கள். சினாப்டோஃபிசின், குரோமோகிரானின், சி.டி.56 ஆகிய இம்யூனோ சோதனைகளை (செல்லின் வகையைக் காட்டும் புரதங்களைச் சாயமேற்றித் தேடுவது) கேளுங்கள். இதற்குச் சில நாள் கூடுதலாகும். ரிட்டர்ன் டிக்கெட்டைத் தள்ளிப் போடுவதே நல்லது.

இந்த ரிப்போர்ட் வருவதற்குள் 'கருப்பையை எடுத்துவிடலாம்' என்பவர்களிடம் ஒத்துக்கொள்ளவே கூடாது. சாதாரண ஹிஸ்டரெக்டமி (கருப்பையை மட்டும் எடுப்பது) போதாது, பிந்தைய சிகிச்சையையும் சிக்கலாக்கும். பயாப்ஸித் துண்டைப் பதித்த மெழுகு பிளாக்கையும் அதிலிருந்து செய்த ஸ்லைடையும் வாங்கி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி. போன்ற இடத்தில் மறுபார்வை பெறுங்கள். நோய் உடலில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பெட் சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

இந்த வகையில், கருப்பை வாயிலேயே 4 செ.மீ.க்குள் அடங்கிய கட்டிக்கு ராடிகல் அறுவையும் (கருப்பையோடு சுற்றுத் திசுக்களையும் எடுப்பது) கீமோவும். பெரிதென்றால் கீமோவோடு ரேடியேஷன், பிறகு உள்ளே வைத்துத் தரும் பிராக்கிதெரபி. கீமோ வழக்கமாக சிஸ்பிளாட்டின் முதல் நாள், எடோபோசைட் 3 நாள், 21 நாளுக்கு ஒரு சுற்று. சிஸ்பிளாட்டினுக்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பார்கள், சலைன் நிறைய ஏற்றுவார்கள். சுற்று தொடங்கி 10 முதல் 14 நாளில் வெள்ளை அணு இறங்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும். பின்னாளில் குழந்தை வேண்டுமென்றால் கருமுட்டை சேமிப்பு பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். அதற்குச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும், இந்த நோய் எல்லோருக்கும் அந்த அவகாசம் தராது.

மீதிச் சிகிச்சையை வெளிநாட்டில் தொடர்வதானால் பாரஃபின் பிளாக், ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க், இதுவரை ஏற்றிய மருந்தின் மில்லிகிராம் கணக்கு, ரேடியேஷன் பிளான் எல்லாம் கையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது.