பத்து ஆண்டுகள், ஒரு கையடக்க வானொலி, இருபது மீட்டர் கம்பி

என் வானொலிப் பெட்டியை 2015 ஆகஸ்டில் வாங்கினேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மத்திய அலை, சிற்றலை, பண்பலை மூன்றையும் எடுக்கும். உள்ளே இருப்பது டிஎஸ்பி சிப், அதாவது வரும் அலையை எண்களாக மாற்றிப் பிரித்தெடுக்கும் சில்லு. தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடிக்கும் டிஎக்ஸிங் பழக்கத்துக்காகவே வாங்கியது. பத்து ஆண்டுகளில் நான்கு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்துவிட்டன. தேதி, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரம், அலைவரிசை, மொழி, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதற்கான சின்போ மதிப்பெண் என்று வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறேன். எந்தப் பெட்டி வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வீட்டில் எத்தனை எல்இடி பல்பு எரிகிறது?" என்றுதான். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலை ஒட்டியது. பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணம், நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கோடையில் காற்று அசையாமல் புழுங்குகிற இரவுகளில் இலங்கைப் பண்பலை நிலையங்கள் உள்ளூர் நிலையம்போல வந்து விழும். சூரியனும் சக்தியும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிய பெயர்கள் அல்ல. கடல்மீது குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேலே வெப்பக்காற்றும் அடுக்காக நின்றால், பண்பலை அந்த இடைவெளியில் குழாய்க்குள் ஓடும் தண்ணீரைப்போல வளைந்து வந்துவிடுகிறது. மற்றபடி பண்பலை கண்ணுக்கெட்டும் தூரத்தைத் தாண்டி அதிகம் போவதில்லை.

மத்திய அலை வேறு மாதிரி. வானில் உயரே மின்னேற்றம் பெற்று நிற்கும் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதியான டி அடுக்கு பகலில் அதை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும்; அதற்கு மேலே இருக்கும் எஃப் அடுக்கு அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும். மாலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து 531 கிலோஹெர்ட்ஸிலிருந்து ஒன்பது ஒன்பதாக ஏறிப் பாருங்கள். ஐந்து மணிக்கு வெறும் இரைச்சலாக இருந்த இடங்களில் ஒவ்வொன்றாகக் குரல் முளைக்கும். புத்தளத்திலிருந்து வரும் 882 கிலோஹெர்ட்ஸ் எங்களுக்குக் கடல்வழியாகவே பலமாக வந்துவிடும். 400 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் அது. அதையெல்லாம் நான் தொலைதூரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓமனில் இருந்த பிபிசியின் 1413, சவுதியின் 1521 ஆகியவை கிடைத்த நாட்கள்தான் நோட்டில் சிவப்பு மையில் இருக்கின்றன.

மத்திய அலைக்காக ஒரு லூப் ஆன்டெனா செய்தேன். 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள மரச்சட்டம், அதன்மேல் பத்துச் சுற்று ஒயர், நிலையத்துக்கு ஏற்பத் திருப்பிச் சரிசெய்யும் ஒரு கேங் கண்டென்சர். கேங் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடையை மூடிவிட்ட ரேடியோ மெக்கானிக் அண்ணன் ஒருவர் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, வால்வு செட்டிலிருந்து கழற்றிய கேங் ஒன்றை எடுத்துத் தந்தார். "இதை யாரும் கேட்டு வருவதில்லை தம்பி. எடுத்துக்கொண்டு போ. பிளேட் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்" என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார். லூப்புக்கும் வானொலிக்கும் நடுவே ஒயர் எதுவும் வேண்டாம். பக்கத்தில் வைத்து, கேங்கை மெல்லத் திருப்பினால் போதும். ஓரிடத்தில் இரைச்சல் அப்படியே வழிவிட, குரல் முன்னால் வந்து நிற்கும். அந்த ஒரு கணத்துக்காகவே லூப் செய்யலாம்.

அதைவிட அதிசயம் அதன் திசை. 1575 கிலோஹெர்ட்ஸில் அப்போது ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்கள் மோதிக்கொண்டிருந்தன: ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ரேடியோ ஃபர்தாவின் பாரசீக மொழி ஒலிபரப்பு, தாய்லாந்திலிருந்து அமெரிக்க நிலையத்தின் பர்மிய ஒலிபரப்பு. ஒன்று எங்களுக்கு வடமேற்கு, மற்றது கிழக்கு. லூப்பைச் சற்றே திருப்பினால் பாரசீகம் தேய்ந்து பர்மிய மொழி எழுந்தது. மறுபக்கம் திருப்பினால் பாரசீகம் திரும்பி வந்தது. அலைவரிசையைத் தொடாமலே ஒரு மரச்சட்டத்தால் இரண்டு நாடுகளைப் பிரித்து வைக்கலாம் என்று கண்ட இரவில் நான் தூங்கவில்லை.

சிற்றலைக்கு லூப் தேவையில்லை, கம்பி போதும். வீட்டுக்குப் பின்னால் நின்ற இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே 20 மீட்டர் ஒற்றை ஒயரை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். ஓர் எச்சரிக்கை: இந்தச் சிறிய பெட்டிகள் நீளமான கம்பியைத் தாங்குவதில்லை. கம்பியை நேராக இழுகுழல் ஆன்டெனாவில் மாட்டினால் பலமான நிலையங்கள் தமக்குச் சொந்தமில்லாத இடங்களிலெல்லாம் பேய்போலத் தோன்றும். உறை போட்ட ஒயரையே இழுகுழலில் நான்கு சுற்று சுற்றிவிடுங்கள். அவ்வளவு போதும்.

இனி எல்இடி கதை. 2017 வாக்கில் எங்கள் வீட்டில் குழல்விளக்கு, குண்டு பல்பு எல்லாவற்றையும் மாற்றினோம். அந்த வாரமே சிற்றலையில் 31 மீட்டர் அலை (அலைநீளத்தால் பெயரிட்ட பகுதி) முழுவதும் ஒரே "ர்ர்ர்" என்ற அறுவைச் சத்தம். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கவே கிளம்பிவிட்டேன். கிளம்புவதற்கு முன் ஏதோ தோன்றி மெயின் சுவிட்சை இறக்கினேன். சத்தம் நின்றது. பின்னணியில் ருமேனிய வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது! அன்று முழுக்க ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தேன். பெட்டியையே கையில் பிடித்துக்கொண்டு, நிலையம் இல்லாத ஓரிடத்தில் வைத்து, அறை அறையாக நடந்தேன். கூடத்து பல்பு ஒன்று, கைபேசி சார்ஜர் ஒன்று, செட்டாப் பாக்ஸின் அடாப்டர் ஆகிய மூன்றும் குற்றவாளிகள். எட்டுப் பல்புகளில் ஒன்றுதான் கத்தியது. அதே விலைக்கு வாங்கிய மற்ற ஏழும் அமைதி. மாற்றுவதற்கு ஆன செலவு, புதுப் பெட்டிக்கு ஆகியிருக்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடாப்டர் ஒயரை, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் ஐந்தாறு முறை சுற்றியதில் மீதியும் அடங்கியது. பக்கத்து வீட்டு மின்விசிறி ஒன்று இன்னும் தொல்லை தருகிறது. அதற்காக அவர்களை வியர்க்க வைக்க முடியாது. அவர்கள் தூங்கும் அறைக்கு எதிர்ப்பக்கம் கம்பியை மாற்றிக் கட்டிக்கொண்டேன்.

பராமரிப்புக்காக மாதம் ஒருமுறை பகலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள் அல்லவா, அந்த நாளில் முடிந்தால் விடுப்பு எடுத்துவிடுகிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஊர் முழுவதும் ஒரு சார்ஜர்கூட ஓடாது. 16, 19 மீட்டர் அலைகளில் என் நோட்டிலுள்ள நல்ல பதிவுகளில் பாதிக்குமேல் அந்தப் பகல்களில் கிடைத்தவை.

முழு அமைதி என்பது எப்படியிருக்கும் என்று 2018 நவம்பரில் தெரிந்தது. அப்படித் தெரிந்திருக்க வேண்டாம். 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. எங்கள் தென்னைகளில் பெரும்பாலானவை விழுந்தன. கம்பி கட்டிய இரண்டும் வேரோடு சாய்ந்தன. கைபேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. செய்திக்குப் பெட்டியில் வந்த திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் மட்டும்தான் இருந்தது. திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து செய்தி கேட்டார்கள். எதிர்வீட்டு அத்தை, "தம்பி, வேதாரண்யம் பக்கம் என்ன ஆயிற்று என்று சொல்கிறார்களா? என் மகள் அங்கேதான் இருக்கிறாள்" என்று ஒவ்வொரு செய்திக்கும் வந்து கேட்டார். மூன்றாம் நாள் அவர் மகள் நடந்தும் லாரியிலுமாக வந்து சேர்ந்தாள். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர இருபது நாட்களுக்கு மேலாயிற்று. இரவில் எல்லோரும் படுத்த பிறகு, விழுந்து கிடந்த மரத்தின்மீதே ஒயரைப் போட்டுச் சிற்றலையைத் திறந்தேன். அத்தனை நிலையங்களை, அத்தனை தெளிவாக, அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. இரைச்சலே இல்லாத பின்னணியில் தொலைதூரத்து மின்னல்கள் மட்டும் சொடுக்குப் போட்டன. அந்த நாட்களின் பக்கத்தில் நான் சின்போ எழுதவில்லை.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலைப்பட்டையின் அகலத்தை 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 வரை குறைத்துக்கொள்ளலாம். பக்கத்து நிலையத்தின் சத்தத்தை வெட்ட இதைவிட நல்ல வசதி இந்த விலையில் இல்லை. குறையும் அதே சிப்பில்தான் இருக்கிறது. அலை மெலிந்தால் ஒலியைத் தானாகவே தாழ்த்திவிடுகிறது. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிலையத்தின் பெயருக்காகக் காத்திருக்கும் அந்த நொடியில் யாரோ வாயைப் பொத்தியதுபோல ஆகிவிடும். ஏழாம் ஆண்டில் திருகுக்குமிழ் தாவ ஆரம்பித்தது. 9600 என்று திருப்பினால் 9610 போய் நிற்கும். கடற்காற்றில் பேட்டரித் தகடுகள் பச்சை பிடித்தன. காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்தினேன். இன்றும் வேலை செய்கிறது. இழுகுழல் இரண்டு முறை அடியில் உடைந்தது. இத்தனைக்குப் பிறகும் அதே பெட்டியைத்தான் வைத்திருக்கிறேன்.

அதில் நான் பிடித்த மிகத் தொலைவான நிலையம் பிரேசில். 2022 அக்டோபரில் ஒரு விடியற்காலை, நாலே முக்கால் மணி, 11780 கிலோஹெர்ட்ஸ். முதலில் கிட்டார், பிறகு வேகமாகப் பேசும் ஓர் ஆண்குரல். ஸ்பானியமா, போர்த்துகீசியமா என்று தடுமாறினேன். குரல் அலை அலையாக எழுந்து அமுங்கியது. "அமேசோனியா" என்ற சொல் மட்டும் இரண்டு முறை காதில் விழுந்தது. கைபேசியில் ரேடியோ நாசியோனல் டா அமேசோனியாவின் இணைய ஒலிபரப்பைத் திறந்து காத்திருந்தேன். ஏறத்தாழ அரை நிமிடம் பின்தங்கி அதே பாட்டு கைபேசியிலும் வந்தது. பிரேசிலியாவிலிருந்து எங்கள் மொட்டை மாடி வரை 14,000 கிலோமீட்டருக்கு மேல். கீழே போய் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "பிரேசிலா? சரி, பால்காரர் வந்துவிட்டாரா பார்" என்றார். ஆனால் அன்று காலை வந்தவர்களிடமெல்லாம் அம்மாதான் அந்தச் செய்தியைச் சொன்னார்.

இணையத்தில் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்து ரிசீவரை யாரும் திறந்து கேட்கலாம், ஒலி அருமையாக இருக்கும். அலைவரிசையை உறுதிசெய்ய நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது அவர்களுடைய வானத்தில் விழுந்த அலை. என் நோட்டில் ஏறாது.

ஒரே பெட்டியை இவ்வளவு காலம் வைத்திருந்ததில் எதிர்பாராமல் கிடைத்தது சூரியனின் கணக்கு. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறையும்; பெருகும்போது 13 மீட்டர் போன்ற அலைகள் நன்றாக வரும். நான் தொடங்கியபோது இறங்குமுகம். 2019 டிசம்பரில் அடிமட்டம். அந்த ஓரிரு ஆண்டுகளில் 13 மீட்டர் அலை எனக்குச் செத்தே கிடந்தது. 2023, 2024இல் அதே அலையில் பகலெல்லாம் நிலையங்கள். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த பெரும் புவிகாந்தப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. எங்கள் ஊரில் வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 11ஆம் தேதிப் பக்கத்தில் 19 மீட்டருக்கு நேரே நான் எழுதியிருப்பது ஒரே வார்த்தை: "காலி."

வானம் மூடினால் திறக்கும். நிலையங்கள் மூடினால் திறப்பதில்லை. 2017 ஜனவரி 31இல் ரேடியோ ஆஸ்திரேலியா சிற்றலையை விட்டுப் போனது. அதே ஆண்டு ஏப்ரல் 30இல் பிபிசி தமிழோசை. இரவு ஒன்பதேகாலுக்குச் சாப்பாட்டுத் தட்டோடு அப்பா வந்து உட்காரும் ஒலிபரப்பு அது. அன்று முடிந்த பிறகும் நெடுநேரம் அதே இடத்தில் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். 2018 ஜூன் 30இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் சிற்றலை. 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா திடீரென அடங்கியது. செலவு மிச்சம் என்கிறார்கள். கோபுரமும் இணையமும் விழுந்து கிடந்த கஜா நாட்களில் எங்கள் திண்ணைக்குச் செய்தி கொண்டுவந்தது மத்திய அலை மட்டுமே என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு அதில் உண்மையான கோபம் உண்டு.

வண்ண அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. கேட்ட நிகழ்ச்சியின் விவரத்தோடு அறிக்கை அனுப்பினால் நிலையங்கள் உறுதிசெய்து அனுப்பும் அட்டை. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு, 1963இல் தொடங்கியது, அட்டையோடு காகித வெட்டுச் சித்திரமும் வைத்து அனுப்பியிருந்தது. இப்போது பல நிலையங்கள் மின்னஞ்சலில் படமாக அனுப்புகின்றன. அதை அச்சடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: முதலில் பரணில் கிடக்கும் பழைய பெட்டியை இறக்கிப் புது பேட்டரி போடுங்கள். ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு வீட்டின் மெயினை இறக்கிவிட்டு அரை மணி நேரம் மத்திய அலையைத் திருப்பிப் பாருங்கள். பிறகு மெயினைப் போட்டுவிட்டு அதே இடங்களை மறுபடி கேளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பணத்தை பல்புக்கும் அடாப்டருக்கும் செலவிடுங்கள். வித்தியாசமே இல்லையென்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். அமெச்சூர் வானொலிக்காரர்கள் பேசப் பயன்படுத்தும் ஒற்றைப்பக்கப் பட்டை (எஸ்எஸ்பி) முறையையும் எடுக்கக்கூடிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் அவர்கள் தமிழில் பேசுவதையும் கேட்கலாம், என் பெட்டியில் அது முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மேகம் கறுத்தால் கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள்.