வாரம் ஒருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா? இங்கிலாந்தின் குப்பைத் தொட்டிக் கணக்கு

ஆகஸ்ட் மாதத்தில் மீன் வாங்குவதற்கு முன்னால் குப்பை லாரி வரும் தேதியைப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கவுன்சில் (உள்ளாட்சி) லாரி வந்து, மறுசுழற்சிக்குப் போகாத குப்பைக்கான சாம்பல் நிறத் தொட்டியைக் காலி செய்யும். லாரி வந்துபோன மறுநாள் சாளை மீன் சுத்தம் செய்தால் தலை, குடல், செவுள் எல்லாம் 13 நாள் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். ஒரு கோடையில் மூடியைத் திறந்தேன். உள்விளிம்பு முழுக்க யாரோ அரிசியைக் கொட்டி வைத்ததுபோல் புழு. கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றிக் கழுவியும் இரண்டு நாள் வாடை போகவில்லை. அன்று முதல் மீன் கழிவைப் பேப்பரில் சுற்றி, பையில் கட்டி, ஃப்ரீசரில் வைத்து, லாரி வரும் காலையில் எடுத்துப் போட ஆரம்பித்தோம். பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் கொஞ்சம் வெட்கத்தோடுதான் இதைச் சொன்னேன். "நானும் அப்பிடித்தான் தம்பி. இவங்கள் ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தானே வாறாங்கள், வேற எங்க வைக்கிறது?" என்றார்.

இந்த ஃப்ரீசர் விவகாரம் இங்கிலாந்தில் அமைச்சரவை வரைக்கும் போன அரசியல். குப்பையை எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ளுவது என்பதில் மூன்று வழிகள் இருபது ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கின்றன. எல்லாத் தரப்பும் தன் வழிதான் மக்கள் பணத்தை மிச்சம் பிடிக்கும் என்கிறது. அதனால் ஒவ்வொரு வழியும் தொட்டியை என்ன செய்கிறது, பணத்தை என்ன செய்கிறது என்று சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

வாராவாரம் எல்லாம்

இந்த வழிக்கு முகம் கொடுத்தவர் எரிக் பிக்கிள்ஸ். 2010 முதல் 2015 வரை உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தவர். சிக்கன் டிக்கா மசாலாவின் மிச்சத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருக்கத் தேவையில்லாமல் இருப்பது இங்கிலாந்து மக்களின் அடிப்படை உரிமை என்று 2011-ல் பேசினார். நம் சமையலறையை உதாரணமாகக் காட்டியதால் சொல்லவில்லை, அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். வெயில் காலத்தில் அடுத்த ஒரு வாரத்துக்குள் புழு வளர்ந்து கூட்டுப்புழு ஆகிவிடும். ஏழு நாளில் தொட்டி காலியானால் அந்தச் சுழற்சி பெரும்பாலும் அறுபடும். பதினான்கு நாள் விட்டால் முழுசாக முடிந்து புது ஈ பறக்கும். வரி கட்டுகிறவர் "குப்பையாவது ஒழுங்காக அள்ளுங்கள்" என்று கேட்பதில் தப்பே இல்லை.

பேச்சோடு நிற்காமல் 2011 செப்டம்பரில் 25 கோடி பவுண்டு நிதியும் அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு வாராந்திர சேகரிப்பை விடமாட்டோம் என்று உறுதி தரும் கவுன்சில்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். அப்போது இங்கிலாந்தின் கவுன்சில்களில் ஏறத்தாழ பாதி இரண்டு வார முறைக்கு மாறியிருந்தன. அவற்றைத் திரும்ப அழைத்து வருவதுதான் நோக்கம் என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். 2012 நவம்பரில் பணம் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது அப்படித் திரும்பி வந்தது ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஒன்றுதான். மீதிப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வாராவாரம் அள்ளிக்கொண்டிருந்த ஊர்களுக்குப் போனது. பர்மிங்ஹாம் மட்டும் சக்கரத் தொட்டிகளுக்காக ஏறக்குறைய 3 கோடி பவுண்டு வாங்கியது.

இந்த நிதியிலும் உருப்படியாக ஒன்று நடந்தது. சில கவுன்சில்கள் வாராந்திர உணவுக்கழிவுச் சேகரிப்பைத் தொடங்க இதைப் பயன்படுத்திக்கொண்டன. பின்னாளில் ஜெயிக்கப்போகும் வழிக்கு விதை அதுதான். ஆனால் நிதியின் விளம்பரத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆனால் உணவு தனியாக

கவுன்சில்கள் ஏன் இரண்டு வாரத்துக்குப் போயின? சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. 1996-ல் குப்பையைப் புதைப்பதற்கு டன்னுக்கு 7 பவுண்டு வரி வந்தது. 2014-ல் அது 80 பவுண்டு. 2025 ஏப்ரலில் 126.15 பவுண்டு. சாம்பல் தொட்டியில் விழும் ஒவ்வொரு டன்னையும் புதைத்தால் கவுன்சிலின் கையைக் கடிக்கும். மறுசுழற்சித் தொட்டிக்குப் போனால் அந்த வரி இல்லை. ஒரு வாரம் குப்பை, மறுவாரம் மறுசுழற்சி என்று மாற்றி மாற்றி எடுத்தால், அதே ஆட்களை வைத்தே இரண்டையும் முடித்துவிடலாம். இடம் குறைந்தால் வீட்டில் இருப்பவர்களும் பாட்டிலையும் அட்டையையும் சாம்பல் தொட்டியில் போடாமல் பிரித்து வைப்பார்கள்.

கணக்கு சரிதான், புழு மட்டும் கணக்கில் வரவில்லை. எங்கள் தெருவில் நடந்தது அதுதான். உணவுக்கழிவுக்கு வழி செய்யாமல் நாள் இடைவெளியை மட்டும் இரட்டிப்பாக்கினார்கள். இந்த அரைகுறை வடிவத்தை வைத்துத்தான் பலரும் இரண்டு வார முறையையே வெறுக்கிறார்கள். பிக்கிள்ஸின் வாதமும் இதை எதிர்த்து மட்டும்தான் செல்லுபடியாகிறது.

அப்புறம் எங்களுக்கு இரண்டு வாளிகள் வந்தன. ஒன்று சமையல் மேடையில் வைக்கிற சின்ன வாளி. இன்னொன்று வெளியே வைக்கிறது. நரி திறக்காமல் இருக்க அதன் கைப்பிடியை முன்பக்கம் இழுத்துப் பூட்டிக்கொள்ளலாம். இதை மட்டும் வாராவாரம் எடுக்கிறார்கள். மீன் தலை, கோழி எலும்பு, முருங்கைச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, வடிகட்டிய டீத்தூள், ஊசிப்போன சாம்பார் சோறு எல்லாம் அதில். ஒரு மாதத்திலேயே சாம்பல் தொட்டி எப்படி மாறியது என்று பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தும் பாதிதான் நிறைகிறது. உள்ளே காய்ந்த பிளாஸ்டிக் உறைகளும் துடைத்துப்போட்ட காகிதமும்தான். வாடையே இல்லை. இங்கிலாந்தில் சாம்பல் தொட்டியின் எடையில் கால் பங்குக்கு மேல் உணவுதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழுகுகிற அந்தக் கால் பங்கு வெளியேறிவிட்டால் மீதி முக்கால் பங்கு எத்தனை நாள் இருந்தாலும் யாருக்கும் தொல்லையில்லை. பிரித்தெடுத்த உணவையும் காற்றில்லாத கலனில் மட்க வைத்து எரிவாயு எடுக்கிறார்கள், மிஞ்சுவது வயலுக்கு உரம்.

வேல்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே 22 உள்ளாட்சிகளும் உணவுக்கழிவைத் தனியாக எடுக்கின்றன. 1998–99-ல் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்த மறுசுழற்சி 2023–24-ல் 66 சதவீதத்தைத் தாண்டியது. இங்கிலாந்து பல ஆண்டுகளாக 44 சதவீதத்திலேயே நிற்கிறது. இலக்கைத் தவறவிடும் உள்ளாட்சிக்கு அபராதம் விதிக்க வேல்ஸ் சட்டம் வைத்திருக்கிறது, ஆரம்பச் செலவுக்கு அரசு பணமும் கொடுத்தது. எல்லாப் புகழும் வாளிக்கு மட்டும் இல்லை. ஆனாலும் வாளி இல்லாமல் அந்த எண் வந்திருக்காது என்பது என் முடிவு.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இங்கிலாந்தில் பரி 2014-ல் மூன்று வாரத்துக்குப் போனது. வேல்ஸில் கான்வி 2018-ல் நான்கு வாரத்துக்கே போனது. குழந்தைகளின் டயப்பரோ வயதானவர்களின் பேடோ இருக்கும் வீட்டில் நான்கு வாரம் என்பது கொடுமை. அதற்கென்று தனிச் சேகரிப்பு இல்லாமல் மூன்று வாரத்தைத் தாண்டக்கூடாது.

போடுகிற அளவுக்குக் காசு

மூன்றாவது வழி தாளில் எழுதிப் பார்த்தால் மிக நேர்மையானது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்துகிற அளவுக்குத்தானே கட்டுகிறோம், குப்பைக்கும் அப்படியே. தென்கொரியா 1995 முதல் விலைக்கு விற்கும் பைகளில்தான் குப்பையை வாங்குகிறது. இங்கிலாந்தும் முயன்றது. 2008 பருவநிலை மாற்றச் சட்டம் ஐந்து கவுன்சில்கள் வரை இதைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தது. ஒரு கவுன்சில்கூட முன்வரவில்லை. 2011-ல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள்.

நம்மைப் போன்ற வீடுகளை நினைத்தால் எனக்கு இதில் சம்மதமில்லை. தாத்தா, பாட்டி, பேரக்குழந்தைகள் என்று ஏழு பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தால் குப்பை கூடத்தான் செய்யும். அவர்கள் ஆளுக்கு எவ்வளவு போடுகிறார்கள் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. பொதுத் தொட்டி வைத்த அடுக்குமாடியில் யார் போட்டது என்றே தெரியாது. பணம் மிச்சம் பிடிக்க இரவில் பையைத் தெருமுனையில் வீசுகிறவரைப் பிடிக்க இன்னொரு செலவு.

வீண்செலவைக் கண்டுபிடிப்பது யார்?

எனக்கு அதிகம் மனதில் நிற்பது இந்தப் பகுதிதான். குப்பையில் எப்படி மூன்று வழி இருக்கிறதோ, அரசின் வீண்செலவைத் துருவுவதிலும் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று பிக்கிள்ஸ் வழி. கவுன்சில்கள் 500 பவுண்டுக்கு மேல் செய்யும் ஒவ்வொரு செலவையும் வெளியிட வேண்டும் என்றார். 2012-ல் சிக்கனத்துக்கு 50 யோசனைகள் என்று கையேடும் போட்டார். செலவுப் பட்டியலை வெளியிட வைத்தது நல்ல காரியம், அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே கையோடு, 1983 முதல் உள்ளாட்சிகளின் கணக்கைப் பார்த்துவந்த தணிக்கை ஆணையத்தை மூடப்போவதாக அறிவித்தார். 2015 மார்ச்சோடு அது மூடப்பட்டது. வீட்டில் உட்கார்ந்து பட்டியலைப் பார்க்கும் குடிமகனே தணிக்கையாளர் ஆகிவிடுவான் என்பது நம்பிக்கை. நானும் ஒரு மாலை உட்கார்ந்து எங்கள் கவுன்சிலின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வரிசை வரிசையாக நிறுவனப் பெயர், தொகை. எந்தத் தொகை எதற்கு, விலை நியாயமா, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. 2022–23 ஆண்டுக்கான உள்ளாட்சிக் கணக்குகளில் குறித்த நாளுக்குள் தணிக்கை முடிந்தவை 1 சதவீதம்தான் என்பதைப் படித்தபோது வயிறு கலங்கியது.

இன்னொன்று நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு வழி. மெதுவான வழி, தலைப்புச் செய்தி ஆகாத வழி. மார்கரெட் ஹாட்ஜ் தலைமையில் அந்தக் குழு 2014-ல் குப்பை எரிப்பு ஆலைகளுக்கான நீண்டகாலத் தனியார் நிதி ஒப்பந்தங்களை எடுத்துக்கொண்டது. நார்ஃபோக், சரே, ஹெரிஃபர்டு–வூஸ்டர் ஆகிய மூன்று ஒப்பந்தங்கள். சரேயிலும் ஹெரிஃபர்டு–வூஸ்டரிலும் முக்கிய ஆலைகள் கட்டி முடியாமலே பல ஆண்டுகளாக மத்திய மானியம் போய்க்கொண்டிருந்தது. நார்ஃபோக்கில் ஆலைக்கான அனுமதி பற்றிய முடிவைப் பிக்கிள்ஸ் தன் கையில் எடுத்துக்கொண்டார், முடிவு தள்ளிக்கொண்டே போனது. 2014 ஏப்ரலில் கவுன்சில் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. இழப்பீடாக 3 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டிவந்தது. தொட்டியை எத்தனை நாளில் காலி செய்வது என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பணம் போன ஓட்டை இங்கே இருந்தது.

2023-லும், மத்திய அரசின் செலவைப் பார்க்கும் தேசியத் தணிக்கை அலுவலகமும் அதே குழுவும் குப்பைச் சீர்திருத்தத்தைத் துருவின. அப்போதைய தலைவர் மெக் ஹில்லியர். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அரசு தெளிவாகச் சொல்லாததால் கவுன்சில்கள் லாரி வாங்குவதா, ஒப்பந்தம் போடுவதா என்று தெரியாமல் நிற்கின்றன என்பது அவர்கள் கண்டது. 2023-ல் தொடங்குவதாகச் சொல்லியிருந்த உணவுக்கழிவுச் சேகரிப்பு அப்போதே தள்ளிப்போயிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமர் ரிஷி சுனக், வீட்டுக்கு ஏழு தொட்டி என்ற திட்டத்தை ரத்து செய்கிறேன் என்று அறிவித்தார். அப்படி ஏழு தொட்டி வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் வந்திருக்கவில்லை.

இப்போது விதி இதுதான்: 2026 மார்ச் 31-க்குள் இங்கிலாந்தின் வீடுகளில் வாராவாரம் உணவுக்கழிவு தனியாக எடுக்கப்பட வேண்டும். ஏற்கெனவே நீண்ட ஒப்பந்தத்தில் இருக்கும் சில கவுன்சில்களுக்குத் தவணை உண்டு. லாரிக்கும் வாளிக்கும் அரசு ஒதுக்கியது 29.5 கோடி பவுண்டு வரை. பழைய 25 கோடிக்கு ஒரே ஓர் ஊர் திரும்பி வந்தது. இந்த 29.5 கோடிக்கு நாடு முழுக்க வாளி வருகிறது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் புதிய தொகைதான் சிறியது.

எந்த வழியானாலும் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் மனிதர். 2025 மார்ச் 11 முதல் பர்மிங்ஹாமில் துப்புரவுத் தொழிலாளர்கள் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு பணிநிலையை நீக்கி ஊதியத்தைக் குறைக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். மூன்று வாரத்தில் 17,000 டன் குப்பை தெருவில் சேர்ந்தது. எலிகள் கார்களின் ஒயரைக் கடித்தன. சிக்கனக் கணக்குப் போடும்போது கூலியில் கை வைப்பதை நான் வீண்செலவுக் குறைப்பு என்று ஏற்கமாட்டேன்.

என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான், உணவு வாளியோடு வந்தால் மட்டும். அந்த வாளி இன்னும் அடுக்குமாடிகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பொதுத் தொட்டி எங்கே வைப்பது, யார் கழுவுவது, மாடியிலிருந்து சொட்டச் சொட்ட யார் தூக்கிவருவது என்று ஒவ்வொன்றுக்கும் கவுன்சிலும் கட்டட நிர்வாகமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்து அக்கா மூன்றாவது மாடி. போன வாரம் போயிருந்தபோது ஐஸ்கிரீம் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தார். பட்டாணிப் பைக்குப் பக்கத்தில், பேப்பரில் சுற்றிய பொட்டலம் இன்னும் இருந்தது.