கடற்பாசி கால்சியம்: வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கத்து மருந்துக் கடைகளில் சாதாரண கால்சியம் மாத்திரைக்குப் பக்கத்திலேயே இப்போது கடற்பாசி கால்சியமும் இருக்கிறது. விலை பல மடங்கு. எலும்புக்கான கால்சியம் ஒரு டப்பாவோடு முடிகிற சமாச்சாரம் அல்ல. அதனால் அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் லித்தோதாம்னியன் என்ற சிவப்புப் பாசி. கடல்நீரில் உள்ள சுண்ணத்தை இழுத்துத் தன் உடம்பிலேயே கல்லாகப் படிய வைத்துக்கொள்ளும். ஐஸ்லாந்து, பிரேசில் கடலோரங்களில் எடுத்துக் கழுவி, உலர்த்தி அரைக்கிறார்கள். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வளர்க்கிற பாசிகள் வேறு. அவை உணவைக் கெட்டியாக்கும் அகர், கேரஜீனன் எடுக்கப் போகின்றன. கெல்ப் போன்ற பழுப்புப் பாசிப் பொடியில் அயோடின் மிக அதிகம், தைராய்டு உள்ளவர்களுக்கு அது ஆகாது. பாசியின் பெயரைப் போடாமல் 'கடற்பாசி' என்று மட்டும் அச்சடித்த டப்பாவை வாங்காதீர்கள். ஈயம், ஆர்சனிக் சோதனை அறிக்கை தராத கம்பெனியும் வேண்டாம்.

பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கும், ஏனென்றால் அது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மலிவான மாத்திரையில் இருப்பதும் அதுவேதான். பாசியில் கூடுதலாக இரண்டு சதவீதம் அளவுக்கு மக்னீசியமும் நுண்ணளவில் பல தாதுக்களும் உண்டு. 'எழுபதுக்கு மேற்பட்ட தாதுக்கள்' என்ற விளம்பரம் பொய்யில்லை, ஆனால் அளவைப் பாருங்கள்: ஒன்றரை கிராம் பொடியில் கிடைக்கும் மக்னீசியம் 30, 35 மி.கி.தான். ஒரு நாள் தேவையோ 300-க்கு மேல்.

பலரும் ஏமாறுவது கணக்கில். டப்பாவின் முன்பக்கம் 'கடற்பாசி 1000 மி.கி.' என்றிருந்தால் அது பொடியின் எடை. அதில் நிகரக் கால்சியம் 300 மி.கி. சுற்றித்தான் இருக்கும். 500 மி.கி. கேப்சூல் ஒன்றில் 150. ஒன்றே ஒன்று விழுங்கிவிட்டு அன்றைய கால்சியம் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் 'எலிமென்டல் கால்சியம்' எவ்வளவு, அது எத்தனை கேப்சூலுக்கு என்பதைப் படியுங்கள். சாதாரண கார்பனேட் மாத்திரையிலும் இதே கதைதான்: 1250 மி.கி. மாத்திரையில் கால்சியம் 500.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன அளவு பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. முதலில் சாப்பாட்டில் வருவதைக் கழியுங்கள். கால் லிட்டர் பாலில் சுமார் 300. கேழ்வரகு நூறு கிராமில் 350 சொச்சம். முள் மெத்தென்று வெந்த சாளையை (மத்தி) முள்ளோடு மென்றால் நல்ல கால்சியம் சேரும், நெத்திலிக் கருவாடும் அப்படியே. மரச்சீனிக் கிழங்கிலும் (மரவள்ளி) சோற்றிலும் அநேகமாக ஒன்றுமில்லை. மிச்சம் 400, 500 குறைந்தால் அந்த அளவுக்கு மட்டும் மாத்திரை போதும். பால், தயிர், மீன் எல்லாம் தாராளமாக உள்ள வீட்டில் முழு டோஸும் விழுங்குவது வீண்.

ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் குடல் சரியாக உறிஞ்சாது, பிரித்துத்தான் சாப்பிட வேண்டும். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும் என்பதால் சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்ட கையோடு. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரையைத் தினமும் போடுபவர்களுக்கு அமிலமே குறைவு. அவர்களுக்குப் பாசிக் கால்சியத்தைவிடக் கால்சியம் சிட்ரேட் மாத்திரைதான் பொருத்தம். விலை அதிகமான டப்பா என்பதால் இந்த விதி மாறிவிடாது.

தைராய்டு மாத்திரைதான் இங்கே பெரிய சிக்கல். அந்த மாத்திரையில் உள்ள தைராக்சினும் கால்சியமும் குடலில் சேர்ந்தால் தைராக்சின் சரியாக உள்ளே போகாது. காலையில் அதை விழுங்கி, அரைமணி கழித்துக் காலைச் சாப்பாட்டோடு கால்சியமும் போட்டால், சில மாதத்தில் டி.எஸ்.எச். (தைராக்சின் போதாததைக் காட்டும் ரத்தச் சோதனை எண்) ஏறும். டாக்டரிடம் கால்சியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் தைராக்சின் டோஸைக் கூட்டிவிடுவார், பிறகு கால்சியத்தை நிறுத்தும்போது அது மிகையாகிப் படபடக்கும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரப்பர் பால் வெட்டுக்கு விடியுமுன் போகிறவர்கள் கட்டன் சாயாவுக்கு முன்பே வெறும் தண்ணீரில் தைராக்சினை விழுங்கிவிட்டு, கால்சியத்தை மத்தியானச் சோற்றோடும் இரவுச் சாப்பாட்டோடும் வைத்துக்கொண்டால் ஒன்றோடொன்று மோதாது. இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் விட வேண்டும். சிப்ரோபிளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் இடைவெளியை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல், வயிற்று உப்புசம் பாசியிலும் வரும். பாசிக்கு அது வராது என்று கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம். டோஸை இரண்டாகப் பிரித்து, தண்ணீரைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. 36,000-க்கு மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், தினம் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களிடம் கல் 17 சதவீதம் கூடியது. இடுப்பெலும்பின் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் மேம்பட்டது. இடுப்பு முறிவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதைவிடப் பெரிய பலனை எதிர்பார்த்துப் பாசி டப்பாவை வாங்க வேண்டாம்.

மூட்டு வலி குறைந்ததா, நடை லேசானதா என்று பார்த்து எலும்பின் நிலையைச் சொல்ல முடியாது. எலும்பு தேய்வது வலிக்காது. பார்க்க வேண்டியது எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்சா ஸ்கேன். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. வருடம் ஒன்றோ இரண்டோ கழித்து, அதே மெஷினில்தான் திரும்ப எடுக்க வேண்டும். ஒருமுறை நாகர்கோவில், மறுமுறை திருவனந்தபுரம் என்று எடுத்த இரண்டு எண்களை ஒப்பிடுவது சரிவராது. சில பாசி டப்பாக்களோடு ஸ்ட்ரான்டியம் என்ற தாதுவும் சேர்த்து விற்கிறார்கள், அது இருந்தால் கூடுதல் கவனம். ஸ்ட்ரான்டியம் கால்சியத்தைவிடக் கனமான அணு, எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும். ஸ்கேனில் எண் ஏறியதாகத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் அதன் நிழல்தான்.

ரப்பர் நிழலிலேயே வேலை பார்க்கிறவர்களுக்கும், வீட்டை விட்டு வெளியே வராத பெரியவர்களுக்கும் வைட்டமின் டி குறைவாக இருக்கும். அது இல்லாமல் கால்சியம் உள்ளே ஏறாது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் 60,000 யூனிட் சாஷே எழுதித் தருவார்கள். அது வாரம் ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரம். தினமும் ஒன்றென்று சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, குழப்பம் வரும். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்பாரின் சாப்பிடும் இதய நோயாளிகள் வைட்டமின் கே2 கலந்த டப்பாவைத் தொடவே கூடாது.

ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் இந்தப் பக்கத்து ஈரக்காற்றில் பொடி சீக்கிரம் கட்டிபிடிக்கும். ஈரக்கரண்டி வேண்டாம், டப்பாவுக்குள் இருக்கும் சிலிக்கா பொட்டலத்தை எறிய வேண்டாம். மாத்திரையாக வாங்கினால் ஒன்றை வினிகரில் போட்டு அவ்வப்போது கலக்குங்கள். அரைமணியில் உடைந்து கரையாத மாத்திரை வயிற்றிலும் கரைவது சந்தேகம்.

ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களுக்குக் கால்சியம் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாதிரி மருந்து எழுதுவார்கள். அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி படுக்காமல் இருக்க வேண்டும். அன்றைக்குக் கால்சியத்தை மத்தியானத்துக்குத் தள்ளிவிடுங்கள்.